ஒரு கல்லீரல் மருத்துவரின் மேற்கோள் பட்டியலை மூன்று முறை எழுதிய அனுபவம்

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை குறைந்து, ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் கணக்கெடுக்கும் வேலை பெருகிய பிறகு, பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது என் மேசைக்கு வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் கல்லீரல் நோய்ப் பிரிவின் இணைப் பேராசிரியர் ஒருவர், என் வேலையைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தையே மாற்றினார். அவருடைய ஆய்வு வாழ்க்கையை நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். முதல் முறை முழுவதும் தவறு. இரண்டாம் முறை எண்கள் சரி, பொருள் தவறு. மூன்றாம் முறைதான் உருப்படியாக அமைந்தது. இதே வேலையில் இருப்பவர்களுக்கும், தம் பட்டியலைத் தாமே தயாரிக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெளியூர் நிறுவனம் ஒன்றில் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: மொத்த மேற்கோள்கள் (பிறர் கட்டுரைகளில் இவருடைய கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிடப்பட்டன என்ற எண்ணிக்கை), அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இன்டெக்ஸ் என்ற எண், சிறந்த ஐந்து கட்டுரைகள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் நான் அவருடைய பெயரைத் தலைப்பெழுத்தோடு தட்டினேன். எழுபத்து நான்கு கட்டுரைகள் வந்தன. நேரமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது. வந்த பட்டியலைக் கூட்டி, எண்களை நிரப்பி, கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். நேர்முகத்தில் குழு உறுப்பினர் ஒருவர் அவரிடம், "நீங்கள் கல்லீரல் மருத்துவரா, வினையூக்கி வேதியியல் ஆய்வாளரா?" என்று கேட்டிருக்கிறார். அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் கொண்ட வேதியியலாளர் ஒருவரின் கட்டுரைகள் பட்டியலில் கலந்திருந்தன. மறுநாள் அவர் நூலகத்துக்கு வந்து, தாளை மேசைமேல் விரித்துப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடிட்டார். "மேடம், இதில் நாற்பத்து மூன்று என்னுடையவை அல்ல. என்னுடையவற்றில் ஆறு இதில் இல்லவே இல்லை" என்று மட்டும் சொன்னார். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவருடைய நேர்மையின்மேல் ஒரு நிழல் விழ நான் காரணமாகிவிட்டேன் என்பது பல நாட்கள் என்னை உறங்கவிடவில்லை.

விடுபட்ட ஆறு கட்டுரைகளைத் தேடியபோதுதான் நம் பெயர்களுக்கும் உலகத் தரவுத்தளங்களுக்கும் உள்ள பொருத்தமின்மை முழுமையாக விளங்கியது. தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் நிற்கிறது. ஆய்விதழின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாகக் கேட்கிறது. சுப்பிரமணியம் மகன் குமார் என்று ஒருவரை எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் அவர் குமார் எஸ். இன்னோரிடத்தில் எஸ் கே. வேறோரிடத்தில் இணை ஆசிரியர் யாரோ நிரப்பியதால் சுப்பிரமணியம் கே. கடைசி வடிவத்தில், மேற்கோள்கள் அனைத்தும் அவருடைய அப்பாவின் பெயரில் போய்ச் சேர்கின்றன. எங்கள் மருத்துவரின் ஆறு கட்டுரைகளும் அப்படித்தான் தந்தையின் பெயருக்குக் கீழே கிடந்தன. 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்சிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இதற்காகவே உள்ளது. பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். ஆனால் எண் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. கட்டுரை அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் அதைக் கொடுக்க வேண்டும். தேடலைத் தரவுத்தளத்திலிருந்து தொடங்காமல், ஆய்வாளர் தம் கையால் எழுதிய பட்டியலிலிருந்து தொடங்கி, அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் தேடுவது என்று அன்று முடிவு செய்தேன். நேரம் இருமடங்கு ஆகிறது. ஆனால் இன்னொருவரின் உழைப்பு இவர் கணக்கில் ஏறுவதில்லை.

முப்பத்தேழு கட்டுரைகளோடு இரண்டாவது அறிக்கையைத் தயாரித்தேன். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம் காட்டும் எண்ணையும் கூகுள் ஸ்காலர் எண்ணையும் தனித்தனியாக, பார்த்த தேதியோடு எழுதினேன். ஆய்வேடுகள், இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடப்படும் முன்வெளியீடுகள், நூல்கள் என எல்லாவற்றையும் எண்ணுவதால் ஸ்காலரின் கணக்கு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஒன்றில் மொத்தத்தையும் மற்றொன்றில் ஹெச்-இன்டெக்ஸையும் எடுப்பது முறையன்று. ஹெச்-இன்டெக்ஸை 2005-இல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 30, 12, 6, 4, 1 மேற்கோள்கள் என்றால் அவருடைய எண் 4. ஏனென்றால் நான்கு கட்டுரைகள் தலா நான்கு மேற்கோளாவது பெற்றிருக்கின்றன. இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. ஒரே ஒரு கட்டுரையால் ஒரு துறையையே திருப்பியவருக்கும் அந்தக் கட்டுரைக்காக இதில் கிடைப்பது 1 மட்டுமே. இதையெல்லாம் அடிக்குறிப்பாக எழுதி, அதிக மேற்கோள் பெற்ற ஐந்தை வரிசைப்படுத்தி, மனநிறைவோடு கொடுத்தேன்.

அவர் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். முதலிடத்தில் இருந்தது நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய பன்னாட்டு ஆய்வு. அதில் அவர் பங்கு, தம் நோயாளிகளின் விவரங்களை அனுப்பியது. இரண்டாவது, பிறர் கண்டறிந்தவற்றைத் தொகுத்த மீள்பார்வைக் கட்டுரை. "இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் நான் இந்தப் பத்து ஆண்டுகளில் என்ன செய்தேன் என்று இந்தத் தாளைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா, மேடம்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். கல்லீரல் துறையில் இந்தியாவிலிருந்து சென்ற இரண்டு கட்டுரைகளை எடுத்து, அவை எத்தனை முறை மேற்கோளாயின என்று பார்க்காமல், எதற்காக மேற்கோளாயின என்று படித்துவிட்டு வரச் சொன்னார். ஒன்று காஷ்மீர் மருத்துவர் முகமது சுல்தான் குரூவினுடையது. மற்றொன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினுடையது.

குரூவின் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இந்த வேலையை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன் என்பது புரியும்.

எங்கள் ஊர் ஏற்காடு. அப்பா காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதினார். 1993-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அக்கா பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். முதலில் வாந்தி, பிறகு சோற்றைக் கண்டாலே வெறுப்பு, பிறகு கண்களில் மஞ்சள். அம்மா வழக்கம்போல வேலியோரத்தில் கீழாநெல்லி பிடுங்கி வந்து, இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் அந்தச் சிறு காய்களோடு சேர்த்து அரைத்து, மோரில் கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூன்று நாட்கள் கொடுத்தாள். நான்காம் நாள் அக்கா பேச்சில் தடுமாறினாள். என்னை என் சித்தியின் பெயர் சொல்லி அழைத்தாள். தோட்டத்து ஜீப்பில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர், எத்தனை நாளாகக் காமாலை என்று கேட்கவில்லை; என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "எத்தனையாவது மாசம்?" என்றார். "எட்டு" என்றாள் அம்மா. அவர் உடனே எழுந்து போய் மூத்த மருத்துவரை அழைத்து வந்தார். அக்கா பதினோரு நாட்கள் கழித்துப் பிழைத்து எழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

அவர் ஏன் மாதத்தை முதலில் கேட்டார் என்று எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. 1978-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் காஷ்மீரில் மஞ்சள் காமாலை பரவியபோது, ஒரே நீரைக் குடித்த கிராமங்களுக்குள் குரூவும் உடன் பணியாற்றியவர்களும் நேரில் சென்று நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். இரத்தச் சோதனைகள், அது ஹெபடைட்டிஸ் என்னும் கல்லீரல் அழற்சியின் அன்று தெரிந்திருந்த வகைகளான ஏ-யும் அன்று, பி-யும் அன்று என்று காட்டின. பெயர் வைக்கப்படாத ஒரு நோய் இருக்கிறது என்று 1980-இல் அவர் எழுதினார். டெல்லியில் 1955-56-இல் இருபத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் தாக்கிய காமாலையும் ஹெபடைட்டிஸ் ஏ அன்று என்பதைச் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைக் கொண்டு வேறொரு குழு அதே ஆண்டில் காட்டியது. 1981-இல் குரூவின் அடுத்த கட்டுரை வந்தது. அந்தக் கிராமங்களில் இருந்த 208 கர்ப்பிணிகளில் 36 பேருக்குக் காமாலை கண்டது; அவர்களில் 8 பேருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது; அந்த எட்டுப் பேருமே கடைசி மூன்று மாதங்களில் இருந்தவர்கள். கர்ப்பம் இல்லாத பெண்களில் ஒருவருக்கும் அப்படி நேரவில்லை. 1983-இல் மாஸ்கோவின் மிகயில் பலயான், நோயாளிகளின் மலச்சாற்றைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டு, அந்தக் கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1990-இல் அதன் மரபணுப் பகுதி பிரித்தெடுக்கப்பட்டு, ஹெபடைட்டிஸ் ஈ என்ற பெயர் நிலைத்தது.

அக்காவுக்கு வந்தது அதே நோய்தானா என்று எந்தச் சோதனையும் அன்று செய்யப்படவில்லை. ஆகவே நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் "எத்தனையாவது மாசம்?" என்ற கேள்வி எங்கிருந்து புறப்பட்டு அந்த வார்டுக்கு வந்தது என்பது எனக்கு விளங்கிவிட்டது. அந்த இளம் மருத்துவர் குரூவின் கட்டுரையைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அது பாடநூலில் ஏறி, ஆசிரியரின் வாயில் ஏறி, இரவுப் பணியில் ஒரு கேள்வியாக நின்றது. எந்தத் தரவுத்தளத்திலும் அது ஒரு மேற்கோளாகப் பதிவாகவில்லை. பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டிய இடங்களைப் படித்தபோதும் இதே தன்மையைத்தான் கண்டேன்: பெரும்பாலானவர்கள் அதை அலங்காரத்துக்காக எடுக்கவில்லை, தம் ஊர்க் கர்ப்பிணிகளின் எண்களை அந்த எண்களோடு ஒப்பிட எடுத்திருந்தார்கள்.

தியாகராஜன் குழுவின் கட்டுரை கீழாநெல்லியைப் பற்றியது. அம்மா பிடுங்கி வந்த அதே செடி. 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியின் புறப்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். ஹெபடைட்டிஸ் பி கிருமியை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாட்கள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்தது என்றும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது என்றும் அது சொன்னது. உலகம் திரும்பிப் பார்த்தது. 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே இதழில், தங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 1994-இல் நியூசிலாந்திலிருந்தும் அதே முடிவு வந்தது. இந்த மறுப்புகளும் மேற்கோள்கள்தாம். கணக்கிடும் இயந்திரத்துக்கு "இதைப் பின்பற்றினோம்" என்பதும் "இது எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்பதும் ஒரே ஒன்றுதான்.

இதைச் சொல்வதால் அந்த ஆய்வைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். நம் வீட்டு மருந்தை ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தி, பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதி வைத்ததால்தான் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதைச் சோதிக்க முடிந்தது. ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி அப்படிப்பட்டதன்று. எங்கள் அம்மாவுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் அந்த மூன்று நாட்களை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மேற்கோளைப் படிக்கத் தொடங்கிய பிறகு வேறு வகைகளும் கண்ணில் பட்டன. கல்லீரல் சுருக்க நோயின் கடுமையை அளக்கும் சைல்டு-பியூ மதிப்பெண்ணுக்கு எல்லாரும் காட்டும் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரை, உண்மையில் உணவுக்குழாயில் இரத்தம் கசியும் 38 நோயாளிகளுக்குச் செய்த அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. அந்த அறுவைச் சிகிச்சையை அறிவதற்காக அதை எடுப்பவர்கள் மிகச் சிலரே. மதிப்பெண் அட்டவணைக்காகத்தான் உலகம் அதை எடுக்கிறது. பேட்ரிக் காமத்தும் மேயோ கிளினிக் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட மெல்டு மதிப்பெண்ணும் இப்படி ஒரு கருவியே. பிலிருபின், கிரியாட்டினின், இரத்தம் உறையும் நேரத்தின் ஐ.என்.ஆர். ஆகிய சாதாரண இரத்தச் சோதனைகளிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. 2002 முதல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதை அதை வைத்தே முடிவு செய்தார்கள். கருவியைத் தருபவருக்கு மேற்கோள் குவியும். குவிந்து குவிந்து, பிறகு அது பொதுச்சொல்லாகி, யாரும் மூலத்தைக் குறிப்பிடாமலே பயன்படுத்தும் நிலையும் வரும்.

மூன்றாவது அறிக்கைக்கு எங்கள் மருத்துவரின் ஒரு சிறு கட்டுரையை எடுத்துக்கொண்டேன். பச்சிலை மருந்து குடித்துவிட்டு வரும் காமாலை நோயாளிகளிடம், அவர்கள் மறைக்காமல் சொல்லும்படி எப்படி விசாரிப்பது என்பதைப் பற்றியது. "நாட்டு மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், "யார் கொடுத்தாங்க, எதுல கலக்கிக் குடிச்சீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். மொத்தம் பதினான்கு மேற்கோள்கள். இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்டு பதினான்கையும் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தை முன்னும் பின்னும் படித்து ஒரு தாளில் எழுதினேன். ஆறு, முன்னுரையில் பத்துப் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்டவை. மூன்று அவருடைய சொந்தக் கட்டுரைகள். இரண்டு, அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுதியிருந்தன. மீதி மூன்றும் அவருடைய வினாப்பட்டியலையே எடுத்துத் தம் நோயாளிகளிடம் பயன்படுத்தியவை.

அந்த மூன்றையும் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தம் கேள்விகள் வேறு மொழிகளில் கேட்கப்படுகின்றன என்பது அதுவரை அவருக்கே தெரியாது. சிறந்த ஐந்தில் அதை முதலில் வைத்தோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே, அது மூல ஆய்வா மீள்பார்வையா, அவர் எழுதிய பங்கு என்ன, பிறர் எதற்காக எடுத்தார்கள் என்று இரண்டு வரி எழுதினோம். தன்மேற்கோள்களை, அதாவது தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டியவற்றை, கழித்த எண்ணையும் பக்கத்திலேயே கொடுத்தோம். தொடர் ஆய்வு செய்பவர் தம் முந்தைய கட்டுரையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அது குற்றமன்று, ஆனால் மறைத்தால் சந்தேகம் வரும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு ஆண்டுதோறும் வெளியிடும், இங்கே "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" என்று செய்தித்தாள்களில் வரும் பட்டியலிலும் தன்மேற்கோளோடும் அது இல்லாமலும் தனித்தனிக் கணக்குகள் உண்டு. வாழ்நாள் பட்டியல், ஓராண்டுப் பட்டியல் என்று இரண்டும் உண்டு. எந்தப் பட்டியல் என்று குறிப்பிடாமல் பெருமை பேசுவதை நான் என் ஆசிரியர்களிடம் அனுமதிப்பதில்லை. இதழின் இம்பாக்ட் ஃபாக்டரைக் கட்டுரையின் மதிப்பாக எழுதுவதையும் அப்படியே தடுக்கிறேன். அது இதழின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் சராசரியே தவிர, அதில் வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் உரியதன்று. பட்டியலில் உள்ள எந்தக் கட்டுரையாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பார்ப்பதும், தம்மை மேற்கோள் காட்டியவற்றில் திரும்பப் பெறப்பட்டவை உள்ளனவா என்று பார்ப்பதும் இப்போது என் வழக்கமாகிவிட்டன.

தவறாக மேற்கோள் காட்டிய இருவருக்கும் மருத்துவர் பணிவாக மின்னஞ்சல் எழுதினார். ஒருவர் இதழில் திருத்தம் வெளியிட்டார். மற்றவர் பதில் தரவில்லை.

சென்ற மாதம் முதுநிலை மாணவி ஒருத்தி, தன் முதல் கட்டுரையை அனுப்புவதற்காகப் படிவத்தோடு வந்தாள். கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களைப் பற்றிய கட்டுரை. கடைசிப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லி, முதலில் ஆர்சிட் எண் எடுக்க வைத்தேன். "மேடம், தை மாசம் எனக்குக் கல்யாணம். இனிஷியல் மாறிடுமே, அதுக்கப்புறம் எடுத்துக்கலாமா?" என்றாள். திருமணத்துக்கு முன் எழுதியவை ஒருத்திக்கும் பின் எழுதியவை இன்னொருத்திக்கும் உரியவைபோல் ஆகிவிட்ட இரண்டு பேராசிரியைகளின் பட்டியலை எடுத்துக் காட்டினேன். சிறிது நேரம் யோசித்தாள். பிறகு அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். என் மேசையிலிருந்த துண்டுச் சீட்டில் தன் பெயரை நான்கு விதமாக எழுதிப் பார்த்து, மூன்றை அடித்துவிட்டு, தலைப்பெழுத்து இல்லாமல் இரண்டாகப் பிரித்து எழுதிய வடிவத்தைப் படிவத்தில் நிரப்பினாள்.